அச்சமும் காண்போர் நிலையும்: திருவண்ணாமலைப் பகுதிக் கூத்துக்களம் முதல் தமிழ்ப் பேய்ப்படம் வரை

முன்னுரை

பேய்ப்படம் ஒன்று காட்டப்பெறும் அரங்கினுள் இருப்பார் அனைவரும் ஒன்றையே காண்கின்றனர், ஒன்றையே கேட்கின்றனர். எனினும் ஒருவர் கண்ணை மூடிக்கொள்கின்றார். அவர் அருகிலிருப்பார் நகுகின்றார். மூன்றாமவர் யாதும் நிகழாதது போல அமர்ந்திருக்கின்றார். காட்சி ஒன்றாகவும் காண்போர் மெய்ப்பாடு பலவாகவும் அமைதற்குக் காரணம் யாது?

இவ்வினாவிற்கு இருவகை விடைகள் வழங்கிவருகின்றன. கல்லார் அஞ்சுவர், கற்றோர் அஞ்சார் என்பது ஒன்று. திறம்பட எடுக்கப்பெற்ற படம் யாவரையும் அச்சுறுத்தும், அரங்கில் நகை எழுமாயின் அப்படம் பழுதுற்றது என்பது மற்றொன்று. முன்னது காண்போரின் அறியாமையையும், பின்னது படைப்போரின் திறமையையும் அச்சத்திற்குக் காரணமாக்குகின்றன. இவ்விரண்டும் தமிழ்நாட்டுச் சான்றுகளோடு பொருந்தா என்பதும், இதனினும் நுண்ணியதொரு விடை தொல்காப்பிய உரைகளிலேயே உண்டு என்பதும் எம் கருத்து. அவ்விடையை எடுத்துக்காட்டி, திருவண்ணாமலையைச் சூழ்ந்த பகுதியின் கூத்து வழக்கிலும், 1951 முதல் வெளிவந்த தமிழ்த் திரைப்படங்கள் சிலவற்றிலும் அதனை வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரையாசிரியர் இருவர்

தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என வகுக்கின்றது. அச்சத்திற்கு உரியனவாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கும் கூறப்பெறுகின்றன. அணங்கு என்பதனுள் பேயும் பூதமும் பிறவும் அடங்கும். கள்வர் என்பதனைத் தீத்தொழில் புரிவார் எனப் பேராசிரியர் விரித்துரைப்பர். இறை என்பதற்கு அரசரோடு தந்தையரையும் ஆசிரியரையும் அவர் சேர்த்துக்கொள்வர். இந்நான்காவது களன் கூர்ந்து நோக்கத்தக்கது. ஏனைய மூன்றும் எவரையும் அச்சுறுத்தக் கூடியவை. இறையோ, தனக்கு இறையாயினார்க்கு மட்டுமே அச்சம் தருவது. பிறன் ஆசிரியரைக் கண்டு எவனும் நடுங்குவதில்லை. எனவே, அஞ்சப்படும் பொருளுக்கும் அஞ்சுவானுக்கும் இடையே உள்ள தொடர்பு அச்சத்திற்கு இன்றியமையாதது என்னும் குறிப்பு நூலிலேயே உள்ளது எனலாம்.

இனி, அச்சம் எவரிடத்து நிகழ்கின்றது என்னும் வினா. புலியையோ பேயையோ கண்டு ஒருவன் அஞ்சுகின்றான் எனக் கொண்டு, இளம்பூரணர் அதனைக் கூறுபடுத்துகின்றார். புலியும் பேயும் சுவைக்கப்படும் பொருள். அவற்றைக் கண்டது முதல் நீங்காது நிற்கும் உணர்வு சுவை. மயக்கமும் ஒளித்தலும் குறிப்பு. நடுக்கமும் வியர்வையும் சத்துவம். செயிற்றியனார் என்னும் பழைய நாடக நூலாசிரியரைத் துணைக்கொண்டு, அஞ்சினான் உடம்பில் வெளிப்படுவது காண்போர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு என இளம்பூரணர் முடிப்பர். இக்கொள்கையின்படி, நடிப்போனிடமிருந்து காண்போனிடம் செல்லும் வழி ஒன்று உண்டு.

பேராசிரியர் இவ்வழியை மறுக்கின்றார். அவர் காட்டும் உவமை எளியது, ஆயினும் வலியது. வேம்பைச் சுவைத்தவன் முகத்தைச் சுளிக்கின்றான். அதனைக் காண்பவன், இவன் கைப்பினைச் சுவைத்தான் என்று கண்ணால் அறிகின்றானேயன்றி, அக்கைப்பு அவன் நாவில் ஏறுவதில்லை. அதுபோலவே, அரிமாவைக் கண்டு அஞ்சி ஓடிவரும் ஒருவனைப் பார்ப்பவனுக்கு நகையோ இரக்கமோ பிறக்குமேயன்றி அச்சம் பிறவாது. அவ்வரிமாவைத் தானே கண்டானாயின், அப்பொழுது அச்சம் அவனுக்கும் உரியதாகும். ஆதலின் சுவை நிகழும் இடங்கள் சுவைப்பொருளும் சுவைத்தோனும் ஆகிய இரண்டே. நடிப்போனும் காண்போனும் அல்லர் என்பது அவர் துணிபு.

வடமொழி நாடக நூலாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். கி.பி. பத்து, பதினோராம் நூற்றாண்டுகளை ஒட்டிக் காசுமீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர், சாகுந்தல நாடகத்தில் துரத்தப்பட்டு ஓடும் மானை எடுத்துக்காட்டி, அங்குத் தோன்றும் அச்சம் இன்ன இடத்தது, இன்ன காலத்தது, இன்னாருடையது என்னும் எல்லைகளை நீங்கிப் பொதுமையுற்று நிற்றலாலேயே சுவைக்கப்படுகின்றது என்பர். அவர் காண்போரைப் பயிற்சியுடைய ஒருதன்மைத்தான உள்ளத்தினராகக் கொள்கின்றார். பேராசிரியரோ வேப்பிலையைத் தின்பவனையும் அவனைப் பார்ப்பவனையும் வெவ்வேறாகவே நிறுத்துகின்றார். காண்போர் பலவகையினராதலை ஆராய்வார்க்குப் பின்னவர் கொள்கையே பெரிதும் பயன்படும். அதனை இரண்டு கூறாகக் கொள்ளலாம். அஞ்சுவானைக் காணுதல் வேறு, அஞ்சத்தக்கதைக் காணுதல் வேறு என்பது ஒன்று. ஒரே காட்சியில் எவர் எதனைக் காண்கின்றார் என்பதே மெய்ப்பாட்டை உறுதி செய்யும் என்பது மற்றொன்று. பின்னது அவர் கூறாதது. அவர் கூற்றிலிருந்து யாம் பெறுவது.

சுடுகாடு ஒன்று, காண்போர் பலர்

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை இதற்கு நல்லதொரு சான்றாகும். சார்ங்கலன் என்னும் அந்தணச் சிறுவன் தனியே சென்று புகார் நகரத்துச் சுடுகாட்டினுள் புகுகின்றான். செம்பஞ்சுக் குழம்பூட்டிய அடியொன்றை நரி கவ்வி மகிழ்ந்து ஊளையிடுகின்றது. பறவைகள் பிணத்தைத் தின்று குரல் எழுப்புகின்றன. பிணத்தின் தலையை ஏந்திப் பேய்மகள் ஒருத்தி ஆடுகின்றாள். சிறுவன் நடுங்கி ஓடித் தாயிடம் செய்தி கூறி உயிர் விடுகின்றான். தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் முறையிட, பேய் உயிருண்பதில்லை என்றும், சிறுவனின் பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே உயிரைக் கவர்ந்தது என்றும் தெய்வம் விடையிறுக்கின்றது.

பேதைமை என்னும் இச்சொல்லைக் கொண்டு, அறியாதார் அஞ்சுவர் என்னும் கொள்கையைச் சாத்தனார் உடன்படுகின்றார் எனக் கூறுதல் பொருந்துமா? அதே காதையில் அச்சுடுகாட்டின் மன்றங்களைக் கூறுமிடத்து, அங்கே சோறு சமைக்கும் சுடலை நோன்பிகளையும், உடைந்த தலைகளைத் தொகுத்து மாலையாக்கும் விரதியரையும் ஆசிரியர் காட்டுகின்றார். சிறுவனைக் கொன்ற காட்சி இவர்களுக்கு அன்றாட வாழ்க்கை. இவர்கள் பேய் இல்லை என்று அறிந்தவர் அல்லர். பேய்க்கு நடுவே வாழ்பவர். சிறுவனுக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு அறிவின் அளவில் இல்லை. அவ்விடத்தோடு கொண்ட உறவின் தன்மையில் உள்ளது.

காரைக்காலம்மையார் இவ்வுறவின் மறுகோடியில் நிற்கின்றார். பேயுருவை விரும்பி ஏற்று, திருவாலங்காட்டுச் சுடுகாட்டை இறைவன் ஆடும் அரங்கமாகக் கண்டவர் அவர். சார்ங்கலன் கண்டு மாண்ட பேயின் ஆட்டம் அம்மையாருக்குப் பேரின்பம். சயங்கொண்டாரோ மூன்றாம் வழியை மேற்கொண்டார். முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பாடும் பரணியில், பசியால் வாடும் பேய்கள் காளியிடம் முறையிடுவதும் போர்க்களத்தில் கூழ் அடுவதும் கேட்போரை நடுங்க வைப்பதினும் நகைக்க வைப்பதே மிகுதி. அச்சத்தையும் நகையையும் ஒரே கலத்தில் இடுதல் தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று என்பது இதனாற் பெறப்படும்.

திருவண்ணாமலைப் பகுதிக் கூத்துக்களம்

நூல்வழிச் சான்றுகளிலிருந்து களத்துச் சான்றுகளுக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டம் 1989இல் பழைய வட ஆர்க்காட்டிலிருந்து பிரிக்கப்பெற்றது. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு ஆகிய பழைய மாவட்டங்களே தெருக்கூத்தின் தாயகம். செய்யாற்றை அடுத்த புரிசை என்னும் ஊர், கூத்தினைப் பல தலைமுறையாகக் கற்று ஆடிவரும் தம்பிரான் குடும்பத்தால் நாடறிந்த ஊராயிற்று. திரௌபதியம்மன் திருவிழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் விடியுமளவும் கூத்தும் நிகழும். படுகளமும் தீமிதியும் விழாவின் முடிவில் வருவன.

கூத்தின் அச்சமூட்டும் உத்திகள் சிலவற்றை முதற்கண் குறிப்போம். கட்டைவேடம் நேரே களத்தில் தோன்றுவதில்லை. இருவர் திரையொன்றைப் பிடித்து நிற்பர். அதன் பின்னிருந்து முழக்கமும் சலங்கை ஒலியும் முன்னே வரும். திரையின் கீழ்ப்புறத்தில் ஆடும் கால்கள் மட்டும் தெரியும். கிரீடத்தின் உச்சி திரைக்கு மேல் எழுந்து மறையும். உருவம் நெடுநேரம் கழித்தே வெளிப்படும். கேட்டது காணப்படாதிருக்கும் இடைப்பொழுதிலேயே காண்போர் உள்ளம் அவ்வுருவத்தைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. தீவட்டி ஒளியில் நிகழ்ந்த காலத்தும், பின்னர்ப் பெட்ரோமாக்சு விளக்கும் மின்விளக்கும் வந்த காலத்தும் இவ்வுத்தி மாறவில்லை. அரசன் முழங்கும்பொழுதே கட்டியக்காரன் அருகில் நின்று அவனை எள்ளி நகையாடுதலும் உண்டு. அச்சமும் நகையும் இங்கே ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

இக்கூத்துகளுள் துகிலுரிதல் எம் ஆராய்ச்சிக்கு மிகவும் உரியது. துச்சாதனன் வேடம் பூண்டவர் துகிலில் கை வைக்குமுன் கருப்பூரம் ஏற்றித் திரௌபதியம்மனை வணங்கிப் பொறை வேண்டுதலும், அவர் மயங்கி வீழ்தலும், காண்போரிடை ஆவேசம் எழுதலும் ஆய்வாளர் பலரால் பதிவு செய்யப்பெற்றுள்ளன. ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாடு பற்றி 1988இலும் 1991இலும் வெளியிட்ட நூல்களும், ரிச்சர்டு ஃபிராஸ்கா 1990இல் தெருக்கூத்து பற்றி வெளியிட்ட நூலும் இவ்வகையில் குறிக்கத்தக்கன.

இக்காட்சியை ஊரார் எவ்வாறு காண்கின்றனர் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். திரௌபதியாக நிற்பவர் ஓர் ஆடவர் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர் பெயரும் ஊரும் உழவோ நெசவோ ஆகிய தொழிலும் தெரியும். அவர் அரிதாரம் பூசும்பொழுதே சிறுவர் சூழ்ந்து நின்று பார்த்திருப்பர். நடிப்பு என்பதனை அவர்களினும் நன்கறிந்தார் எவருமிலர். அங்ஙனமிருந்தும் அவர்களே நடுங்குகின்றனர். நகரத்திலிருந்து வரும் புதியரோ நடிப்போரைப் பற்றி ஏதும் அறியார், அவர் நடுங்குவதில்லை. அறியாமையே அச்சத்திற்குக் காரணமாயின் இது தலைகீழாக அன்றோ நிகழ்தல் வேண்டும்?

உண்மை யாதெனின், இரு சாராரும் களத்தில் காண்பது ஒன்றன்று. புதியவர் துச்சாதனனைக் காண்கின்றார். தீத்தொழில் புரிவான் ஒருவனால் துன்புறும் பெண்ணைக் காண்கின்றார். அவருக்குப் பிறப்பது பேராசிரியர் கூறிய இரக்கம். ஊராரோ அசையாது நிற்கும் திரௌபதியைக் காண்கின்றனர். அவள் அவர்கள் ஊரைக் காக்கும் தெய்வம். அவள் சினம் மழையையும் மகவையும் தாக்கவல்லது. துச்சாதனன் கை நீளுந்தோறும் அவர்கள் அஞ்சுவது அவனுக்காக, அவளை அஞ்சி. அணங்கும் இறையும் ஆகிய இரண்டு களன்களும் அங்கே ஒன்றாகின்றன. அவர்கள் அஞ்சுவானைக் காண்பவர் அல்லர். அரிமாவைத் தாமே காண்பவர். மேடையில் எவரை நோக்குகின்றோம் என்பதே அச்சத்திற்கும் இரக்கத்திற்கும் இடையே உள்ள வேறுபாடாகின்றது.

திருவண்ணாமலைக்கு அண்மையில், விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூரில் மாசி மாதத்து அமாவாசையன்று நிகழும் மயானக் கொள்ளையும் இவ்வகையினதே. சிவபெருமான் கையில் ஒட்டிய பிரமகபாலத்தை அங்காளம்மன் சுடுகாட்டில் உணவை இறைத்து நீக்கிய செய்தி அவ்விழாவின் அடிப்படை. காளியாக வேடம் பூண்டவர் சுடுகாடு நோக்கிச் செல்வதைப் புதியவர் கண்டு மருளுவர். ஊராருக்கோ அவ்வுரு நோய் நீக்கும் தாய். துகிலுரிதலில் அஞ்சாத புதியவர் இங்கே அஞ்சுதலும், அங்கே அஞ்சிய ஊரார் இங்கே மடியேந்தி நிற்றலும் காண்க. அஞ்சும் மக்கள் என்றும் அஞ்சா மக்கள் என்றும் நிலையான இரு பிரிவுகள் இல்லை.

தொடர்வண்டிக் கதை

திரைப்படத்தின் தொடக்க வரலாற்றிலும் அறியாமைக் கொள்கை வேரூன்றியுள்ளது. பாரிசு நகரத்தில் இலூமியர் உடன்பிறந்தார் 1895ஆம் ஆண்டு திசம்பர் 28ஆம் நாள் கட்டணக் காட்சியைத் தொடங்கினர். நிலையத்தினுள் வரும் தொடர்வண்டியைத் திரையில் கண்ட மக்கள் அது தம்மேல் ஏறிவிடும் என்று அஞ்சி எழுந்தோடினர் என்பது பாடநூல்களிலும் இடம்பெற்ற கதை. ஆனால் அந்த முதல்நாள் நிகழ்ச்சியில் தொடர்வண்டிப் படம் காட்டப்பெறவில்லை, பின்னரே காட்டப்பெற்றது. மக்கள் எழுந்தோடியமைக்கு அக்காலத்துச் சான்று கிடைத்தற்கரிது. டாம் கன்னிங் என்னும் அறிஞர் 1989இல் எழுதிய கட்டுரையில், அம்மக்கள் படத்தை மெய்யென மயங்கியவர் அல்லர், அசையாப் படம் அசையத் தொடங்கும் வியப்பைக் காணவே வந்தவர் என நிறுவினார். தாம் காண்பது காட்சி என அறிந்தே அவர்கள் மெய்சிலிர்த்தனர். புரிசைக் களத்தாருக்கும் பாரிசு அரங்கத்தாருக்கும் நாம் ஒரே தவற்றைச் செய்துள்ளோம் என்பது இதனால் விளங்கும். நமக்கு வாராத மெய்ப்பாடு பிறர்க்கு வருமாயின், அதனைப் பேதைமை எனப் பெயரிட்டு அமைதல் எளிது. ஆயின் அது விளக்கமாகாது.

தமிழ்ப் பேய்ப்படங்கள்

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் அச்சத்தைச் சட்டம் அளக்க முற்பட்ட நிகழ்ச்சி 1951இல் நேர்ந்தது. கே. ராம்நாத் இயக்கி, ம. கோ. இராமச்சந்திரனும் அஞ்சலிதேவியும் நடித்த 'மர்மயோகி' பேயுருவக் காட்சிகள் காரணமாக வயதுவந்தோர்க்கு மட்டும் எனச் சான்று பெற்றது. அவ்வகைச் சான்று பெற்ற முதல் தமிழ்ப்படம் இதுவே எனத் திரைப்பட வரலாறு எழுதுவோர் கூறுவர். மாண்டான் எனக் கருதப்பட்ட அரசன், ஆட்சியைக் கவர்ந்தவள் முன் பேயெனத் தோன்றுவது கதை. அது பேயன்று, உயிரோடிருக்கும் அரசனே. தன் இறைக்குப் பிழை செய்தவளுக்கு இறையே அணங்காகத் தோன்றுகின்றான். படத்தினுள் அவளை நடுங்கச் செய்தது அவள் குற்றம். அரங்கிலிருந்த சிறுவருக்கு அக்குற்றம் இல்லை. அவர் அஞ்சியிருப்பின் அது வேறோர் அச்சம். சான்று வழங்கினாரோ இரண்டையும் ஒன்றாகக் கொண்டு, வயதை மட்டும் அளவுகோலாக்கினர். பின்னர் 1952ஆம் ஆண்டுச் சட்டமும், 1983இல் வந்த பெற்றோர் வழிகாட்டற் பிரிவும், அதனை 7, 13, 16 என்னும் வயதுகளால் மூன்றாகப் பகுத்த 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் அவ்வளவுகோலையே நுண்மையாக்கின. சிறாரைக் காத்தற்கு அது வேண்டுவதே. ஆயினும் அச்சத்தின் வேறுபாடு வயதினால் மட்டும் வருவதன்று என்பதைப் பின்வந்த படங்கள் காட்டுகின்றன.

'மணிச்சித்ரத்தாழ்' என்னும் மலையாளப் படம் 1993இல் வெளிவந்தது. கேரளத்து மாளிகையொன்றில் அடைக்கப்பட்டு மாண்ட நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழ் ஆடல்மகள். மனநோயுற்ற கதைத்தலைவி அவளாகவே தன்னைக் கருதித் தமிழில் பேசுங்கால் மலையாள மக்கள் நடுங்கினர். அக்கதை 2005இல் பி. வாசு இயக்கத்தில் 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கு வந்தபொழுது, அவ்வாடல்மகள் தெலுங்கு பேசுபவளாக மாற்றப்பட்டாள். இம்மாற்றம் சிறிதெனத் தோன்றினும் பொருள் பொதிந்தது. நன்கறிந்த மனைவியின் வாயிலிருந்து அயல்மொழி எழுதலே அக்காட்சியின் உயிர்நிலை. மலையாளிக்கு அயலான தமிழ் நமக்குத் தாய்மொழி. நம் மொழி பேசும் பேய்க்கு நாம் விடையிறுத்துவிடக்கூடும். எனவே பேயின் உரு மாறாதிருப்பினும் அரங்கம் மாறுந்தோறும் அதன் மொழி மாற வேண்டியதாயிற்று. அச்சம் உருவத்தில் இல்லை, காண்போனுக்கும் உருவத்திற்கும் இடையே உள்ள தொடர்பில் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. அத்தொடர்பு முழு அயன்மையும் அன்று. முழு அண்மையும் அன்று. முற்றிலும் அயலாயது நம்மைத் தீண்டாது. முற்றிலும் அணியது நம்மை அச்சுறுத்தாது. நம்முடையதாக இருந்த ஒன்று நம்முடையதன்றாகும் அப்புள்ளியே அச்சத்தின் பிறப்பிடம்.

விக்ரம் குமார் இயக்கிய 'யாவரும் நலம்' 2009இல் இவ்வுண்மையை வேறுவழியில் பயன்கொண்டது. புதிய அடுக்குமாடி வீட்டில் குடியேறிய குடும்பத்தார் நாள்தோறும் பிற்பகலில் காணும் தொலைக்காட்சித் தொடரில், அவர்கள் வாழ்க்கையே நிகழ்ச்சியாக ஓடுகின்றது. இதில் சுடுகாடும் இல்லை, பாழ்மாளிகையும் இல்லை. நாள்தோறும் தொடர் காணும் இல்லத்தாருக்கு அப்பெட்டியே அணங்காயிற்று. தொடரைக் காணும் வழக்கம் இல்லாதார்க்கு அது புதிர்க்கதையாக மட்டும் நின்றிருக்கும்.

இனி, நகைப்புடைய பேய்ப்படங்கள். இராகவா லாரன்சு இயக்கி நடித்த 'காஞ்சனா' 2011இல் வெளிவந்தது. அதன் தலைவன் பேய் என்னும் சொல்லுக்கே நடுங்கி, வளர்ந்த ஆளாயினும் தாயின் இடுப்பில் ஏறிக்கொள்பவன். முற்பகுதியில் அரங்கம் அவன் அச்சத்தைக் கண்டு நகைக்கின்றது. பிற்பகுதியில், கொடியோரால் கொல்லப்பட்ட திருநங்கை காஞ்சனாவின் வரலாறு வெளிப்பட, அரங்கம் இரங்குகின்றது. அஞ்சினானைக் கண்டார்க்கு நகையும் இரக்கமும் பிறக்குமேயன்றி அச்சம் பிறவாது என்று பேராசிரியர் கூறியது, அவ்விரு மெய்ப்பாடும் அதே வரிசையில் அமைய, இப்படத்தின் கட்டமைப்பாகவே அமைந்துவிட்டது. மிஷ்கினின் 'பிசாசு' 2014இல் நகையை நீக்கி இரக்கத்தை மட்டும் கொண்டு சென்றது. இவ்வகைப் படங்களை அச்சுறுத்தத் தெரியாத படங்கள் எனக் குறை கூறுவார் உளர். பரணியின் பேய்களையும் கட்டியக்காரனையும் அறிந்தார் அங்ஙனம் கூறார். இப்படங்கள் அஞ்சுவானைக் காட்ட எடுக்கப்பட்டவை. அரிமாவைக் காட்ட எடுக்கப்பட்டவை அல்ல.

அவற்றுள்ளும் அரங்கம் ஒருங்கே துணுக்குறும் நொடிகள் உண்டன்றோ எனின், உண்டு. உருவம் காணப்படுமுன் ஒலி கேட்கும் இடங்களும், தலைவனுக்குத் தெரியாதது நமக்கு மட்டும் தெரியும் இடங்களும் அவை. அந்நொடிகளில் அவன் முகத்தை நாம் காண்பதில்லை. அவன் காணவேண்டியதை நாமே காண்கின்றோம். கூத்தில் இருவர் பிடித்த திரை செய்த பணியை இங்கே இருட்டும் ஒலிப்பதிவும் செய்கின்றன. ஆயினும் துணுக்குறுதல் வேறு, அச்சம் வேறு. திடீரென எழும் ஒலிக்குத் துணுக்குறுதல் எவர்க்கும் பொது. அது நொடியில் கழியும். இல்லம் சென்று விளக்கணைத்த பின்னும் நீங்காது நிற்பதே அச்சம். கண்டது முதல் நீங்காது நிற்பது என இளம்பூரணர் கூறிய இலக்கணம் ஈண்டு நினையத்தக்கது.

பொருளின்றி எழும் அச்சம்

அஞ்சப்படும் பொருளும் அஞ்சுவானும் என இரு நிலங்கள் வேண்டும் என்பது பேராசிரியர் கொள்கை. பொருள் இன்றியே அச்சம் எழுமாயின்? திருவண்ணாமலையின் அண்மைக்கால வரலாற்றில் இதற்கொரு நிகழ்ச்சி உண்டு. 1896ஆம் ஆண்டு சூலைத் திங்களின் நடுவில், மதுரையில் தம் சிற்றப்பா வீட்டு மாடியில் தனியே இருந்த வேங்கடராமன் என்னும் பதினாறு வயது மாணவரைத் திடீரெனச் சாவச்சம் பற்றியது. நோய் ஏதும் இல்லை. எதிரே பேயும் இல்லை, விலங்கும் இல்லை, கள்வரும் இல்லை. அவர் எவரையும் அழைக்கவில்லை. பிணம்போல் உடலைக் கிடத்தி, சாவது எது என ஆராயத் தொடங்கினார். அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்து, 1950இல் மறையுமளவும் அவ்வூரை நீங்காதிருந்தார். அவரே இரமண மகரிஷி.

இந்நிகழ்ச்சியின் ஆன்மிகப் பொருளை ஆராய்தல் எம் நோக்கமன்று. அச்சத்தின் இலக்கணத்திற்கு இது தரும் ஒளியே ஈண்டு வேண்டுவது. இங்கே சுவைக்கப்படும் பொருளும் சுவைத்தோனும் ஒருவரே. தன் உடலே தனக்கு அணங்காக நின்றது. பேராசிரியரின் இரு நிலங்கள் அழியவில்லை; ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. கூத்தும் படமும் பல உத்திகளால் அணுக முயல்வது இப்படிவையே. பிறன் அச்சத்தை வேடிக்கை பார்க்கும் நிலையிலிருந்து, அஞ்சத்தக்கது தன்னிடத்ததே என உணரும் நிலைக்குக் காண்போனைக் கொணர்தல் அவற்றின் நோக்கம். அது கைகூடிய இடத்து அவன் உண்மையாக அஞ்சுகின்றான். கைகூடாத இடத்து நகைக்கின்றான், அன்றேல் இரங்குகின்றான். அவையும் மெய்ப்பாடுகளே, குறைபாடுகள் அல்ல.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. அஞ்சுவானைக் காணுதலால் நகையும் இரக்கமும், அஞ்சத்தக்கதைத் தானே காணுதலால் அச்சமும் பிறக்கும் என்னும் பேராசிரியர் கொள்கை கூத்திற்கும் திரைப்படத்திற்கும் பொருந்துகின்றது. ஒரே காட்சியில் எதனைக் காண்பது என்பதைக் கல்வியோ வயதோ மட்டும் உறுதி செய்வதில்லை. காண்போனுக்கு அப்பொருளோடுள்ள உறவே உறுதி செய்கின்றது. தம் இறை என்னும் களனில் தொல்காப்பியர் வைத்த தம் என்னும் சொல், அணங்கிற்கும் ஒருவகையில் உரியதே. ஒவ்வொருவரும் தம் அணங்கையே அஞ்சுகின்றனர்.

ஆதலின் துகிலுரிதலில் நடுங்கும் ஊராரைப் பேதையர் என்றலும், பேய்ப்படத்தில் நகைக்கும் அரங்கத்தாரைச் சுவையறியார் என்றலும் ஒப்பத்தக்கன அல்ல. முன்னவர் அங்கே நிற்கும் தெய்வத்தோடு உறவுடையவர். பின்னவர் அத்திரையில் நிற்கும் உருவோடு அத்தகைய உறவில்லாதவர். அச்சத்தை ஆராய்வார் முதற்கண் வினவத்தக்கது, இவர் ஏன் அஞ்சுகின்றார் என்பதன்று. நாம் காணாத எதனை இவர் காண்கின்றார் என்பதே. திருவண்ணாமலைப் பகுதியில் இன்றும் விடியுமளவும் நிகழும் கூத்துக்களங்களில் அமர்ந்து, ஆடுவோரை மட்டுமன்றிக் காண்போர் முகங்களையும் நோக்கி, எந்நொடியில் எவர் எவரைப் பார்க்கின்றார் எனக் குறித்தல் மெய்ப்பாட்டாராய்ச்சிக்கு இன்றியமையாத பணியாகும். அப்பணியை இளம் ஆராய்ச்சியாளர் மேற்கொள்வாராக.